வீட்டுக்கு வந்த தரகர், வயலுக்கு வைத்த கண்

சில இதழ்களுக்கு முன் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். வயலுக்கு முன்னால் இருந்த பூர்வீக மனையை அண்ணன் விற்றுவிட்டார், வாங்கியவர் டிராக்டர் போக வழி விடமாட்டேன் என்கிறார், என்ன செய்வது என்பது கேள்வி. வட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், தீராவிட்டால் சிவில் கோர்ட் என்று பதில் வந்திருந்தது. பதில் சரிதான். ஆனால் அதைப் படித்த ராத்திரி எனக்குச் சரியாக உறக்கம் இல்லை. அந்த வாசகர் நிற்கிற இடத்தில் நானும் நின்றிருப்பேன். விற்றது அண்ணனாகக்கூட இருந்திருக்காது, நானேதான். வீட்டை விற்றுத் தருவதாக வந்த ஒரு தரகரை நம்பி நான் போட்ட ஒரு கையெழுத்தால் வந்த வினை அது. எப்படித் தப்பித்தேன் என்பதை எழுதினால் யாருக்காவது உதவும் என்று தோன்றியது.

எங்கள் ஊர் பூதப்பாண்டிக்குப் பக்கம். பழையாற்றுப் பாசனம், கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ நெல். ரோட்டோரம் 14 சென்ட்டில் ஓட்டு வீடு, வீட்டுக்குப் பின்னால் மாட்டுத் தொழுவம், ஆறு தென்னை, அதைத் தாண்டியதும் 1 ஏக்கர் 15 சென்ட் வயல். பாட்டா கொல்லம் 1119-ல், அதாவது 1943-44 வாக்கில், வாங்கிய இடம். அப்போது நாங்கள் திருவிதாங்கூர் மகாராஜா ராஜ்ஜியத்தில் இருந்தோம். 1956 நவம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அதனால் எங்கள் மூலப்பத்திரம் மலையாளத்தில் இருக்கிறது. இந்த மாவட்டத்தில் பழைய பத்திரம் வைத்திருக்கும் பலருக்கும் இதுதான் நிலைமை. எனக்கு அதில் நாலு எழுத்துகூட வாசிக்கத் தெரியாது. அந்தத் தெரியாமையும் பிறகு என் கழுத்துக்கு வந்தது.

அப்பா இருக்கும்போதே வயலை என் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிவிட்டார்கள். உழுகிறவன் நான் ஒருத்தன்தானே. வீடு எனக்கும் அக்காவுக்கும் தங்கைக்கும் பொது. அம்மா 2021-ல் போன பிறகு வீடு பூட்டிக் கிடந்தது. நான் இருப்பது இறச்சகுளத்தில், மனைவிக்குக் கிடைத்த இடத்தில் கட்டிய வீட்டில். ஓடு சரிந்து, கழுக்கோலில் கரையான் ஏறி, மழைக்கு மழை படிப்புரையில் தண்ணீர் கட்டியது. தங்கைக்கு மகள் கல்யாணம் நெருங்கியது. அவளுக்குத் தன் பங்கு தேவைப்பட்டது, கேட்டாள். கேட்டதில் தப்பே கிடையாது. இரண்டு பேர் பங்கையும் நானே கொடுத்து வீட்டை எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் வயலில் பாதியாவது போகணும். வயலா வீடா என்று வந்தபோது வீட்டை விடுவது என்று முடிவு செய்தோம்.

அப்படித்தான் அந்தத் தரகர் வந்தார். பெயர் வேண்டாம். சுற்றுவட்டாரத்தில் பத்திருபது ஊரில் இடம் முடித்துக் கொடுத்தவர், என்னைவிட இளையவர், வாய் நிறைய 'அண்ணாச்சி' என்று கூப்பிடுவார். அவரைப் பற்றி ஒரு நல்லதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா பெயரில் கிடந்த பட்டாவை, வாரிசுச் சான்று வாங்கி, எங்கள் மூன்று பேர் பெயருக்கும் கூட்டுப் பட்டாவாக மாற்றித் தந்தவர் அவர்தான். நான் ஒரு வருடமாக நடந்து முடியாததை அவர் ஒன்றரை மாதத்தில் முடித்தார். அந்த நன்றியில்தான் மற்றதையெல்லாம் கவனிக்காமல் விட்டேன்.

முதல் தப்பு என் வாயிலிருந்து வந்தது. என்ன விலை எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார். "எங்க கையில 36 லட்சம் வரணும் தம்பி. அதுக்கு மேல எவ்வளவு வந்தாலும் நீ எடுத்துக்கோ" என்றேன். எங்கள் பக்கம் தரகு நூற்றுக்கு இரண்டு என்பது வாய்ப்பேச்சு வழக்கம். அதைப் பேசி வைக்கச் சோம்பல், மிச்சத்தைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்கலாமே என்ற நினைப்பு. இப்படிச் சொன்ன நிமிடத்தில் அவர் எனக்காக விற்கிற ஆள் இல்லை என்றாகிவிட்டது. வாங்க வருகிறவர் உண்மையில் எவ்வளவு தருகிறார் என்பது எனக்குத் தெரியாமல் இருந்தால்தான் அவருக்கு லாபம். ஆகவே வாங்குபவர் என்னோடு பேசவே கூடாது. அவராக வைத்த ஏற்பாடு இல்லை இது, நானே வைத்துக் கொடுத்தது.

2023 தை மாதம், ஒரு சாயங்காலம், 20 ரூபாய் முத்திரைத்தாளில் டைப் அடித்த எழுத்தோடு வந்தார். "பார்ட்டி வந்தா நம்பணும்லா அண்ணாச்சி. கையில ஒரு எழுத்து இருந்தாத்தான் நின்னு பேச முடியும். பேருக்குத்தான் இது." கூடவே 50,000 ரூபாய் ரொக்கம். முன்பணம் என்றார். வீட்டை விற்கக் கொடுத்தவனுக்குத் தரகர் எதற்கு முன்பணம் தருகிறார் என்று எனக்கு உறைக்கவில்லை. பணத்தை எண்ணினேன். தொகை 36 லட்சம் என்று சரியாக இருக்கிறதா, கெடு 11 மாதம் என்று இருக்கிறதா, இந்த இரண்டையும் பார்த்தேன். மற்றதை வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். மலையாளப் பத்திரத்தைத் தமிழில் பெயர்த்து எழுதி வாங்க வேண்டும், வக்கீல் கேட்பார் என்று சொல்லி அசல் மூலப்பத்திரத்தையும் வாங்கிக்கொண்டு போனார். என் மனைவி அடுக்களைக் கதவோரம் நின்று, "ஒரிஜினலையா குடுக்கீங்க?" என்று கேட்டாள். ரெண்டு நாளில் வந்துவிடும் என்றேன்.

பிறகு நடந்ததை ஒரு வரியில் சொல்லலாம்: ஒன்றும் நடக்கவில்லை. மாசி, பங்குனி, சித்திரை போயிற்று. போன் செய்தால் "பார்ட்டி பாக்காரு அண்ணாச்சி", "வெள்ளிக்கிழமை வாறாங்க". வந்தவர்களும் வீடு பார்க்க வந்தவர்களாகத் தெரியவில்லை. இரண்டு பேர் மர வியாபாரிகள். தேக்கு உத்திரத்தையும் அயனித் தட்டையும் டேப் வைத்து அளந்தார்கள், பத்தாயத்தைத் தட்டிப் பார்த்தார்கள், அடுக்களைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பழைய வீடுகளைப் பிரித்து மரத்தை விற்பது இங்கே பெரிய தொழில். அதில் எனக்கு வருத்தம் உண்டே தவிர கோபம் இல்லை. மரத்துக்கு விலை இருக்கிறது, விற்கிறார்கள். என்னை உறுத்தியது இன்னொரு கூட்டம். காரில் மூன்று பேர் வந்தார்கள். வீட்டுக்குள் நுழையவே இல்லை. நேராகத் தொழுவத்துக்குப் பின்னால் போய், பச்சைப் பயிரைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் போனில் பேசினார்கள்.

வைகாசியில் தரகர் வாயைத் திறந்தார். "அண்ணாச்சி, வீடு மட்டும்னா ஆரும் கேக்க மாட்டேங்காவ. பொறத்தால கெடக்க வயலையும் சேத்து விட்டேள்னா நல்ல வெல தருவாவ. நெல்லுல என்னத்தக் கண்டீங்க?" நெல்லில் நான் கண்டதும் காணாததும் எனக்குத் தெரியும். விற்கவில்லை என்றேன். சிரித்துக்கொண்டே போனார். அதற்கப்புறம் மாதத்துக்கு ஒருமுறை அதே பேச்சு. விலை மட்டும் ஏறவில்லை, இறங்கியது. வீடு இடியப் போகிறது, கெடு முடியப் போகிறது, தங்கச்சிக்கு என்ன பதில் சொல்வீர்கள் என்று மெல்ல மெல்ல அழுத்தம். ஒரு கட்டத்தில், 20 சென்ட்டை மட்டும் கொடுத்துவிட்டால் என்ன என்று நானே ராத்திரி கணக்குப் போட ஆரம்பித்தேன்.

ஆவணியில் கன்னிப்பூ அறுப்பு முடிந்து வைக்கோல் உலர்த்திக்கொண்டிருந்தேன். ஒரு அம்மாவும் அவர் வீட்டுக்காரரும் ரோட்டில் நின்று வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா ஓய்வுபெற்ற டீச்சர். என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. இந்த வீட்டை வாங்க ரொம்ப ஆசைப்பட்டோம். வித்துப் போச்சுன்னு சொன்னாங்க. வாங்கினவங்க இடிச்சிட்டாங்களான்னு பாக்க வந்தோம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உட்காரச் சொல்லிக் கேட்டேன். சித்திரையிலேயே இரண்டு தடவை தரகரைப் பார்த்திருக்கிறார்கள். 48 லட்சம் சொல்லியிருக்கிறார். இவர்கள் 45-க்கு இறங்கச் சொன்னார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றவர், ஒரு வாரம் கழித்து வீடு விற்றாகிவிட்டது என்றிருக்கிறார்.

டீச்சர் போன பிறகு வைக்கோல் போர் நிழலில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். 36 லட்சத்துக்கு மேல் வருவது அவருக்கு. 45 என்றால் 9 லட்சம் அவர் பைக்கு. எங்கள் ஊரில் எந்தத் தரகருக்கும் ஒரே வீட்டில் 9 லட்சம் கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்த 9 லட்சத்தை ஒரு மனிதர் வேண்டாம் என்று விடுகிறார் என்றால், அதைவிடப் பெரியது எதையோ பார்த்து வைத்திருக்கிறார். என் கண் தன்னால் வயல் பக்கம் திரும்பியது.

மறுநாள் நாகர்கோவிலில் தெரிந்த வக்கீலிடம் எழுத்தின் ஜெராக்ஸோடு போனேன். அவர் மூன்று தடவை வாசித்தார். பிறகு வெள்ளைத்தாளில் ஒரு படம் போடச் சொன்னார். ரோடு, வீடு, தொழுவம், வயல்.

"உங்க வயலுக்கு டிராக்டர் எந்த வழியா போகுது?"

"வீட்டுக்கு வடக்கால வண்டித்தடம் உண்டு சார். பாட்டா காலத்துல இருந்தே."

"அதுவும் இந்த 14 சென்ட்டுக்குள்ளதானே?"

ஆமாம் என்றேன். எழுத்தின் கடைசிப் பத்தியில் விரலை வைத்தார். நாலு எல்லைக்கும் உட்பட்ட 14 சென்ட், அதிலுள்ள வீடு, மரங்கள், வழிநடைப் பாத்தியம் சகலமும். வாங்குபவர் என்ற இடத்தில் தரகருடைய மனைவி பெயர், 'அவர்களோ அவர்கள் காட்டும் நபரோ' என்ற வாசகத்தோடு. எனக்குச் சேர்ந்த வயல் பின்னால் இருப்பதைப் பற்றியோ, அதற்கு வழி ஒதுக்குவதைப் பற்றியோ ஒரு சொல் இல்லை.

அப்பா காலத்தில் இது பெரிய விஷயமாக இருந்திருக்காது. வயலுக்குப் போக வரப்பு போதும். கதிர்க்கட்டைத் தலையில் சுமந்து வருவார்கள், வீட்டு முற்றம்தான் களம். இப்போது உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு இயந்திரம், நெல் ஏற்ற லாரி. வரப்பில் மனிதன் போகலாம், இயந்திரம் போகாது. வழி இல்லாத வயல் தரிசுக்குச் சமம். தரிசாகக் கிடக்கும் வயலை, முன்னால் இருக்கும் மனைக்காரர் ஒருவரைத் தவிர வேறு யார் கேட்பார்கள்? அவர் சொன்னதுதான் விலை.

வக்கீல் இன்னொன்றும் சொன்னார். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. அதிலிருந்து, மனை போடுகிறவர்கள் முன்னைப்போல வயலில் நாலு கல்லை நட்டு விற்றுவிட முடியாது. அங்கீகாரம் வேண்டும், அதற்கு ரோட்டிலிருந்து போதிய அகலத்தில் பாதை காட்ட வேண்டும். என் வயலுக்கு ரோட்டுமுகம் கிடையாது. என் வீட்டுக்கு இருக்கிறது. ஆக, காரில் வந்தவர்கள் வீட்டுக்குள் நுழையாததில் ஆச்சரியம் இல்லை. அவர்களுக்கு அது வீடே இல்லை, பாதை. எங்கள் வயலுக்குக் கீழே நாலு குடும்பத்து வயல்களுக்கு என் வரப்போரத்து வாய்க்கால் வழியாகத்தான் தண்ணீர் போகிறது. நடுவில் ஒரு ஏக்கர் மனையானால் அந்த மடை என்னவாகும் என்பதை நாஞ்சில் நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்படிக் காய்ந்த பற்றுகளைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் போகிறோம்.

"பதியாத எழுத்துதானே சார், செல்லாதுல்லா?" என்று ஒரு ஆசையில் கேட்டேன். பத்திர ஆபீஸ் வாசலில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். 2012-ல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தி, கிரய ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிய வேண்டும் என்று வைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் பதியாததை வைத்தும் 'ஒப்பந்தப்படி எழுதிக்கொடு' என்று வழக்குப் போடலாம், அந்த வழக்கில் அதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்றார். வழக்குப் போட மூன்று வருடம் அவகாசம் உண்டு. வழக்கு நிலுவையில் இருக்கும் வீட்டை டீச்சர் போன்ற ஒருவர் வாங்குவாரா? தோற்கிற வழக்கானாலும் அவருக்கு அது போதும்.

ரொக்கமாக வாங்கிய 50,000-ஐப் பற்றியும் திட்டு வாங்கினேன். நிலம், வீடு விற்பதற்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம், அதுவும் கொடுத்தவருக்கு இல்லை, வாங்கியவருக்கு. நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

ரெராவில் புகார் செய்யலாமா என்றும் கேட்டேன், எங்கோ படித்திருந்தேன். 2016-ல் வந்த அந்தச் சட்டம், பதிவு செய்யப்பட்ட மனைப்பிரிவு, அடுக்குமாடி போன்ற திட்டங்களில் விற்றுத் தரும் முகவர்களுக்குத்தான். நம் ஊரில் பழைய வீட்டை முடித்துத் தரும் தரகரை அது தொடாது. அவரைத் தொடுவது 1872-ல் வந்த பழைய ஒப்பந்தச் சட்டம். ஒருவருக்காக வேலை செய்ய ஒத்துக்கொண்ட முகவர், முக்கியமான விவரத்தை மறைத்துத் தானே அந்தப் பொருளை வாங்கிக்கொண்டால், அந்த ஏற்பாட்டை மறுக்க உரியவருக்கு உரிமை உண்டு. டீச்சர் 45 லட்சத்துக்குக் கேட்டதை மறைத்தது அப்படிப்பட்ட விவரம்தான் என்றார்.

என்னைக் காப்பாற்றியது சட்டமா என்று கேட்டால், இன்னொரு தப்புதான் காப்பாற்றியது. வீடு மூன்று பேருக்குப் பொது. எழுத்தில் கையெழுத்துப் போட்டது நான் ஒருவன். அக்காவும் தங்கையும் போடவில்லை. பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று தரகர் அவசரப்பட்டிருக்கிறார். என் எழுத்து அவர்கள் பங்கைக் கட்டாது. "இது தெரிஞ்சா அவரு பேச்சுக்கு வருவாரு. ஆனா உங்க சகோதரிங்க உங்க பக்கம் நிக்கணும்" என்றார் வக்கீல்.

அதுவரை நான் அவர்களிடம் எதையும் சொல்லவில்லை. வடசேரியில் அக்கா வீட்டுக்குப் போனேன். தங்கையைத் திருவனந்தபுரத்திலிருந்து வரச் சொன்னோம். தரகருடைய வேலையைவிட அந்த மத்தியானம்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அக்கா சத்தம் போடவில்லை. "தம்பி, எங்க பேரும் அதுல உண்டும்லா? ஒரு வார்த்தை கேட்டியா?" என்றாள். தங்கை, "அண்ணே, அந்த அம்பதாயிரம் எங்க?" என்று கேட்டாள். உரத்துக்கும் அறுப்புக் கூலிக்கும் போயிருந்தது. அத்தான்தான் காபி வரட்டும் என்று சொல்லிப் பேச்சை மாற்றினார். சாயங்காலம் இருவரும் வக்கீல் நோட்டீசில் கையெழுத்துப் போட்டார்கள். இந்தச் சொத்தை விற்க யாருக்கும் தாங்கள் ஒப்புதல் கொடுக்கவில்லை என்று அதில் எழுதியிருந்தது.

என் தரப்பில் தனியாக ஒரு நோட்டீஸ். விற்றுத் தரும் பொறுப்பிலிருந்து உங்களை நீக்கிவிட்டேன், மறைத்துப் பெற்ற ஒப்பந்தத்தை ஏற்கவில்லை, முன்பணம் 50,000-க்கு இதோடு டிமாண்ட் டிராஃப்ட், மூலப்பத்திரத்தை ஏழு நாளில் திருப்பித் தரவும். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். டிராஃப்ட்டுக்குப் பணம் கூட்டுறவு சங்கத்தில் மனைவியின் நகையை வைத்துப் புரட்டியது.

நோட்டீஸ் போய்ச் சேர்ந்த அன்றே தரகர் வந்தார். கோபமாக இல்லை, வருத்தமாக. "கோர்ட்டு கச்சேரின்னு எதுக்கு அண்ணாச்சி? பேசுனா தீராதா? பத்திரம் பத்திரமாத்தான் இருக்கு, பேடிக்காண்டாம்." எங்கே இருக்கிறது என்றேன். தக்கலையில் மொழிபெயர்க்கக் கொடுத்திருக்கிறேன் என்றார். எட்டு மாதமாகவா? அடுத்த வாரம் கேட்டபோது அது வேறொரு பார்ட்டியின் வக்கீலிடம் இருந்தது.

அசல் இல்லாவிட்டால் பதிவும் சிக்கல், வாங்குகிறவர்களும் தயங்குவார்கள். எங்கேயாவது அடமானம் வைத்திருப்பாரோ என்று பயம். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தோம். பதிவுத்துறை இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். புதிதாக ஒன்றும் பதிவாகவில்லை. சார் பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு மூலப்பத்திரத்தின் சான்றிட்ட நகலும் வாங்கினோம். அதைக் கையில் வாங்கியபோதுதான் தெரிந்தது, தரகர் முதல் நாள் பத்திரம் கேட்டபோதே இந்த நகலை எடுத்துக் கொடுத்திருக்கலாம் என்று. மொழிபெயர்க்க நகலே போதும். மலையாளம் தெரிந்த ஓய்வுபெற்ற ஆவண எழுத்தர் ஒருவர் ஒரே நாளில் தமிழில் எழுதித் தந்தார்.

அதில் ஒரு வரி இருந்தது. கிழக்கே ரோட்டிலிருந்து மேற்கே நிலத்துக்கு வண்டி போகும் தடம். பாட்டா எழுதி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். எங்கள் வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியவில்லை.

ஐப்பசியில் முடிவுக்கு வந்தது. அத்தானும் ஊர்ப் பெரியவர் ஒருவரும் கூட வந்தார்கள். அலைந்ததற்கு 2 லட்சம் கேட்டார். சகோதரிகள் கையெழுத்து கிடைக்காது, டீச்சர் நடந்ததைச் சொல்லத் தயார் என்று தெரிந்ததும் ஒரு லட்சத்துக்கு வந்தார். கடைசியில், பட்டா மாற்றித் தந்த வேலைக்கு என்று 20,000 ரூபாய் கொடுத்தேன். வங்கி மூலம், ரசீது வாங்கிக்கொண்டு. அவர் மனைவியும் அவரும் ஒப்பந்தத்தை ரத்து செய்து எழுதிக் கொடுத்தார்கள், மூலப்பத்திரம் அன்றைக்கே வந்தது. அது அவர் பைக்குள்ளேயே இருந்தது. என் மனைவிக்கு அந்த 20,000 இன்றுவரை ஆறவில்லை. மோசம் செய்ய வந்தவனுக்குக் கூலியா என்கிறாள். பட்டா வேலை நடந்த வேலை, அதற்குக் கூலி உண்டு என்பது என் எண்ணம். இதில் நாங்கள் ஒத்துப்போவதாக இல்லை.

டீச்சரோடு நேரில் உட்கார்ந்து பேசினோம். 14 சென்ட்டில் வடக்கோரம் 12 அடி அகலத்தில் 110 அடி நீளம் வழிக்கு வேண்டும், அது கிட்டத்தட்ட 3 சென்ட், மீதி 11 சென்ட்டும் வீடும் உங்களுக்கு என்றேன். 40 லட்சம் என்று முடிந்தது. முழுதாகக் கொடுத்திருந்தால் 45. வழி எனக்கு மட்டும் பயன்படுவது, அதற்காக அக்காவும் தங்கையும் ஏன் குறைவாக வாங்க வேண்டும்? 45-ஐ மூன்றாகப் பிரித்து அவர்களுக்கு ஆளுக்கு 15 லட்சம். எனக்கு 10 லட்சமும் வழியும். அந்த 3 சென்ட்டில் தங்கள் பங்கை இருவரும் எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தந்தார்கள். சர்வேயரை வைத்து அளந்து, கல் நட்டு, உட்பிரிவு செய்த பிறகுதான் கிரயத்துக்குப் போனோம். வழி என்பது பேச்சில் இருந்தால் போதாது, வரைபடத்தில் அளவோடு இருக்க வேண்டும். கட்டாயத் தேவைக்கான வழியுரிமை என்று சட்டத்தில் ஒன்று இருக்கிறதுதான். அதைக் கோர்ட்டில் நிறுவுவதற்குள் எத்தனை பூ தரிசாகக் கிடக்கும் என்று கேள்வி கேட்ட வாசகர் எண்ணிப் பார்த்தால் நான் சொல்வது புரியும். அவரும் முதலில் பூர்வீக மனையின் பழைய பத்திரத்தை, எந்த மொழியில் இருந்தாலும், ஒரு வரி விடாமல் வாசிக்க வைக்கட்டும். அவருடைய பாட்டாவும் ஏதாவது எழுதி வைத்திருக்கலாம்.

தரகரே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். வெளியூரில் இருப்பவர்களுக்கு, ஆபீஸ் படி ஏறப் பயப்படுகிற என்னைப் போன்றவர்களுக்கு, அவர்கள் தேவைதான். இப்போது என் மச்சினன் தோவாளைப் பக்கம் ஒரு மனை விற்கிறான். தரகு நூற்றுக்கு இரண்டு, அதுவும் பதிவு நடக்கும் அன்று. வாங்குபவர் யாராக இருந்தாலும் நேரில் கூட்டி வர வேண்டும். கையில் நகல் மட்டும் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். முன்பணம் என்று ஒரு தரகர் நீட்டினாராம், வாங்கவில்லை.

2024 தையில் பதிவு நடந்தது. பத்தாயத்தைப் பிரித்து எடுத்துப் போக ஆள் வரச் சொல்லியிருந்தேன். டீச்சர் அது அங்கேயே இருக்கட்டும் என்று கேட்டார்கள், விட்டுவிட்டேன். இப்போது அதில் புத்தகங்கள் இருக்கின்றன. மாசியில் கும்பப்பூ அறுப்புக்கு இயந்திரம் அந்த 12 அடி வழியாகத்தான் போனது. திரும்பும்போது டீச்சர் புதிதாக நட்டிருந்த செவ்வாழைக் கன்று ஒன்றைச் சாய்த்துவிட்டது. கன்று நின்றது என் வழிக்குள் அரை அடி தள்ளி. ஆனாலும் டீச்சர் வேலியில் நின்று சத்தம் போட்டார்கள். மறுநாள் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கன்று கொண்டுபோய், கல்லுக்கு அந்தப் பக்கமாக நட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.